தென் பற்றகோனியப் பனிவெளி: அயலயலாக இறங்கும் பனிக்கட்டியாறுகளின் நடத்தை ஏன் ஒன்றுபோல் இல்லை?

வடலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். பனிக்கட்டியாறுகள் பற்றிய பாடத்தின்போது மாணவி ஒருத்தி எழுப்பிய வினாவை இங்கே முன்வைக்கிறேன். பாடநூலின் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும் வினாவாக அது எனக்குத் தோன்றவில்லை.

தென் அமெரிக்காவின் தெற்கு அந்தத்தில், சிலிக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் நடுவே, அந்தீஸ் மலைத்தொடரை மூடிக்கொண்டு தென் பற்றகோனியப் பனிவெளி கிடக்கிறது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீளமும் 12,000 முதல் 13,000 சதுர கிலோமீற்றர் வரையான பரப்பும் கொண்டது. எமது வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் சேர்த்தாலும் அந்தப் பரப்பை எட்டமாட்டா. தென் அரைக்கோளத்தில் அந்தாட்டிக்காவை விட்டால் இதனிலும் பெரிய பனித்திரள் வேறில்லை. இதன் உச்சி மேடையிலிருந்து 48 பெரிய பனிக்கட்டியாறுகள், மேற்கே பசிபிக் கடலின் நுழைகழிகளுக்கும் (கடல்நீர் புகுந்த ஒடுங்கிய ஆழ்பள்ளத்தாக்குகள்) கிழக்கே பெரும் ஏரிகளுக்கும் இறங்குகின்றன.

இவற்றுள் வட அந்தத்திலுள்ள ஹோர்கே மொன்ற், 1898 தொடக்கம் 2011 வரை ஏறத்தாழ 19.5 கிலோமீற்றர் பின்வாங்கியது. ஓ'ஹிக்கின்ஸ் 1896 தொடக்கம் 1995 வரை 15 கிலோமீற்றரளவு பின்வாங்கியது. ஆனால் அதற்குச் சற்றுத் தெற்கேயுள்ள பதினோராம் பியோ என்னும் பனிக்கட்டியாறு, 1945க்குப் பிந்திய அரை நூற்றாண்டில் 10 கிலோமீற்றரளவு முன்னேறி, கரையோரக் காட்டின் முதுமரங்களைச் சாய்த்தது. பெரிற்றோ மொரேனோவோ இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஒரே எல்லையில் நின்றது. மேலே ஒரே வானமும் ஒரே பனிமேடையும் இருக்கையில், ஒன்று ஓடவும் ஒன்று நிற்கவும் ஒன்று முன்னேறவும் காரணம் என்ன என்பதே மாணவியின் வினா. அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

பண்ணைக்கடல் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தப் பனிவெளி நீண்டகால ஈடுபாடு. வினாவை எழுப்பிய பிள்ளைக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். விடையை மேலிருந்து கீழாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், இங்குள்ள பனிக்கட்டியாறு ஒன்றின் மேற்பகுதியை வானிலை ஆள்கிறது. அதன் முகப்பைப் பெரும்பாலும் அது நிற்கும் நீரின் ஆழம் ஆள்கிறது.

இந்தப் பனிவெளி தென் அகலக்கோடு 48 பாகைக்கும் 52 பாகைக்கும் இடையில் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் இதே அளவு தூரத்தில் இருப்பவை பாரிசும் இலண்டனும். ஆகவே, கடல்மட்டம் வரை பனிக்கட்டி இறங்கி வருவதற்குக் கடுங்குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது, முதற்காரணம் பொழிவு. தென் சமுத்திரத்தைச் சுற்றி மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு வழியில் நிலத்தடை எதுவும் இல்லை. அந்தீஸ் மலையில் மோதி மேலேறுகையில், அந்தக் காற்றுச் சுமந்துவரும் ஈரம் ஆண்டுதோறும் பல மீற்றர் நீருக்குச் சமமான மழைப்பனியாகப் பனிமேடையில் கொட்டுகிறது. மலையைத் தாண்டியதும் காற்று வறண்டுவிடுகிறது. ஆர்ஜென்ரீனோ ஏரிக்கரையிலுள்ள எல் கலபாத்தே நகருக்கு ஆண்டில் 200 மில்லிமீற்றரளவே மழை கிடைக்கிறது. அது யாழ்ப்பாணம் பெறும் மழையில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளையை நனைத்துவிட்டு ஊவாவில் வறண்ட காற்றாக இறங்குவதை மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். பொறிமுறை அதுவேதான்.

இங்குள்ள பனிக்கட்டி பெரும்பாலும் உருகுநிலையிலேயே இருக்கிறது. அடியில் நீர் தேங்குவதால் அது பாறைமீது வழுக்கி விரைவாக நகர்கிறது. பெரிற்றோ மொரேனோவின் முகப்புப் பகுதியில் அந்த வேகம் நாளொன்றுக்கு 2 மீற்றரளவு. அந்த வேகத்தில் வந்துகொண்டிருந்தும் முகப்பு ஒரே எல்லையில் நின்றதென்றால், வந்த அளவு பனிக்கட்டி அங்கே உடைந்தும் உருகியும் போய்க்கொண்டிருந்தது என்று கொள்ள வேண்டும்.

இனி, நீரின் ஆழம். முகப்பு ஆழ்ந்த நீரில் நிற்குமானால், நீரின் மேலுதைப்பு பனிக்கட்டியின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. பாறையுடனான உராய்வு குறைகிறது, வேகம் கூடுகிறது, வேகம் கூடியதால் பனிக்கட்டி இழுபட்டு மெலிகிறது, மெலிந்தது மேலும் மிதக்க முற்பட்டு உடைகிறது. உடைந்து பின்வாங்கும் இடத்தில் தரை இன்னும் ஆழமாக இருந்தால் இதே சுற்று மேலும் வேகமாகத் தொடரும்; தரை உயரும் இடத்திலோ பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்திலோதான் அது தணியும். ஹோர்கே மொன்ற் விட்டுச்சென்ற நுழைகழி 400 மீற்றருக்குக் கிட்டிய ஆழமுடையது. கிழக்கே ஆர்ஜென்ரீனோ ஏரிக்கு இறங்கும் உப்சாலா என்னும் பனிக்கட்டியாற்றின் முகப்புக்கு முன்னாலுள்ள ஏரிக்கிளையில் ஆழம் 500 மீற்றரைக் கடக்கிறது. 2008க்கும் 2011க்கும் இடையில் மட்டும் அது ஏறத்தாழ 3 கிலோமீற்றர் பின்வாங்கியது. அதே ஏரியின் வேறொரு கிளைக்கு இறங்கும் பெரிற்றோ மொரேனோவுக்கு முன்னால் ஆழம் அதைவிட மிகக் குறைவு. அடித்தரையின் மேடொன்றிலும் எதிர்ப்பக்க மகலானெஸ் தீபகற்பத்திலும் அது ஊன்றிக்கொண்டிருந்தது. பதினோராம் பியோவோ தானே அரைத்துக் கொண்டுவந்த மண்ணையும் கல்லையும் முகப்பில் குவித்து, அந்தத் திடலின்மேல் நிற்கிறது.

இன்னுமொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் சேர்வும் தேய்வும் சமமாகும் உயரத்தைச் சமநிலைக் கோடு என்கிறோம். பெரிற்றோ மொரேனோவின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. கோடு விழும் இடமும் செங்குத்தான சரிவு. வெப்பம் கூடிக் கோடு நூறு மீற்றர் ஏறினாலும், புதிதாகத் தேய்வு வலயத்துக்குள் விழும் பரப்புச் சிறியது. உப்சாலாவில் அந்த உயரத்தில் நிலம் தாழ்சரிவாகப் பரந்திருப்பதால், அதே நூறு மீற்றருக்குப் பெரும் பரப்புத் தேய்வுக்கு ஆளாகிறது. ஆகவே வானம் ஒன்றாக இருந்தாலும் தரை ஒன்றாக இல்லை.

நாவற்குழியான் எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நீர்ப்பாசன வேலைகளில் இருந்தவன் என்ற முறையில் ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன். மறுப்பதற்காக இதை எழுதவில்லை. முகப்பின் அசைவை நீரின் ஆழமும் தரையின் வடிவமும் இந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்றால், ஹோர்கே மொன்றின் 19.5 கிலோமீற்றரை வெப்பமாதலுக்கான சான்றாகக் காட்டுவது எப்படி முறையாகும்? மேலும், 1898இல் தொடங்கும் கணக்கு என்பதால், அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் குளிர்காலப்பகுதி முடிவுற்றதும் அதில் ஒரு பங்கு வகித்திருக்க வேண்டும் அல்லவா?

பெரிற்றோ மொரேனோவின் பனிச்சுவர் இடிந்து விழும் காணொளியைப் பகிர்ந்து, பேரழிவின் சாட்சி இது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். பதினோராம் பியோ முன்னேறியதைக் காட்டி, எல்லாம் வழமைபோலவே இருக்கிறது என்று இன்னொரு சாரார் எழுதுகிறார்கள். இரண்டுமே எனக்கு ஏற்புடையனவாக இல்லை. குளத்தின் நிலையை அறிய விரும்புபவர் வான்கதவில் பாயும் நீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளக்கிறார். இந்தப் பனிவெளி முழுவதற்கும் அத்தகைய அளவீடு இருக்கிறதா?

பண்ணைக்கடல் எழுதியது:

நாவற்குழித் தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஒற்றைப் பனிக்கட்டியாறு ஒன்றின் முகப்பை வைத்துக் காலநிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, அது எந்தப் பக்கத் தீர்ப்பாக இருந்தாலும், பிழையான வழி என்பதே என் உறுதியான கருத்து. முழுப் பனிவெளியின் நிறையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு அளவீடுகள் இருக்கின்றன.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ராடார் மூலம் உலகின் பெரும்பகுதியினது நில உயரம் அளக்கப்பட்டது. பற்றகோனியாவுக்கு இது பெரும் பேறாக அமைந்தது. ஆண்டின் பெரும்பகுதி முகில் மூடிக் கிடக்கும் இடமாகையால் ஒளிப்படங்களை நம்பியிருக்க முடியாது, ராடாரோ முகிலை ஊடுருவிப் பார்க்கும். எரிக் றிக்னோ, அந்திரேஸ் றிவேரா, கினோ கசாசா ஆகிய ஆய்வாளர் மூவரும் அந்த உயரங்களை 1968, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலப்படங்களோடு ஒப்பிட்டு, இந்தத் தென் பனிவெளி, இதற்கு வடக்கே தனியே கிடக்கும் சிறிய வட பனிவெளி ஆகிய இரண்டிலுமுள்ள மிகப் பெரிய 63 பனிக்கட்டியாறுகளின் இழப்பைக் கணித்து 2003இல் வெளியிட்டார்கள். அந்தக் கால் நூற்றாண்டின் சராசரி இழப்பு, உலகக் கடல்மட்டத்தை ஆண்டுக்கு 0.042 மில்லிமீற்றர் உயர்த்தும் அளவினதாக இருந்தது. 1995 முதல் 2000 வரையான கடைசி ஐந்தாண்டுகளில் அது 0.105 மில்லிமீற்றராக, அதாவது இரண்டு மடங்குக்கும் மேலாக, உயர்ந்திருந்தது. முன்னேறிய பதினோராம் பியோவும் நின்ற பெரிற்றோ மொரேனோவும் இந்தக் கணக்குக்கு உட்பட்டவையே.

2002இல் ஏவப்பட்ட கிறேஸ் இரட்டைச் செய்மதிகள் இன்னொரு வழியில் இதை அளந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த அவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் நுண்ணளவில் மாறுவதைக் கொண்டு, கீழேயுள்ள நிறையின் ஈர்ப்பு எவ்வாறு மாறுகிறது என்று கணித்தார்கள். இங்கே முகப்பு எங்கே நிற்கிறது என்ற வினாவே எழுவதில்லை. நிறை குறைந்தால் ஈர்ப்பும் குறையும். 2018 முதல் அவற்றின் வழித்தோன்றலான இணைச் செய்மதிகள் அதே பணியைத் தொடர்கின்றன.

குளிர்காலப்பகுதி பற்றிய ஐயம் நியாயமானது. ஹோர்கே மொன்ற் பின்வாங்கிய இடத்தில், வேரோடு நின்ற நிலையில் பழைய மரங்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. சிறு பனியுகம் என்று அழைக்கப்படும் அந்தக் காலத்தில் காட்டின்மேல் பனிக்கட்டி ஏறி வந்ததை அவை காட்டுகின்றன. ஆகவே 1898க்குப் பிந்திய பின்வாங்கலின் ஒரு பகுதி அந்த முன்னேற்றத்தின் மறுபக்கம். இன்னொரு பகுதி ஆழ்நுழைகழியின் வேலை. ஆனால் இவ்விரண்டும் கழிந்த பின்னரும், பனிவெளி மொத்தத்தில் மெலிவதும் அந்த மெலிவு அண்மைப் பத்தாண்டுகளில் விரைவதும் விளக்கப்பட வேண்டியவையாக எஞ்சுகின்றன. 1990களுக்குப் பின்னர் உலகெங்கும் பனிக்கட்டியாறுகள் பின்வாங்குவதற்கு மனிதச் செயற்பாடே முதன்மையான காரணியாக இருப்பதற்கு மிகுந்த சாத்தியம் உண்டு என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழு தன் ஆறாவது மதிப்பீட்டில் சொல்லியிருப்பது இத்தகைய முழுநிறைக் கணக்குகளின் அடிப்படையிலேயே.

கரவெட்டியான் எழுதியது:

நான் வடமராட்சியைச் சேர்ந்தவன்; இப்போது கனடாவில் வசிக்கிறேன். பெரிற்றோ மொரேனோவை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே இடிந்து விழும் பனிச்சுவரைப் பற்றி நாவற்குழியான் அண்ணை எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன்.

பார்வையாளர் நிற்கும் தீபகற்பத்தை நோக்கி, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் அகலமும் நீர்மட்டத்துக்கு மேலே 60 மீற்றரளவு உயரமும் கொண்ட முகப்பு வருகிறது. அது தீபகற்பத்தைத் தொடும்போது ஏரியின் தெற்குக் கிளையான பிறாசோ றிக்கோ துண்டிக்கப்படுகிறது. வெளியேற வழியற்ற நீர் அங்கே பல மீற்றர் உயர்ந்து, பனிக்கட்டிக்கு அடியில் குடைந்து வழி தேடுகிறது. குடைவு பெருத்துக் கமானாகி, கமான் இடிந்து விழுகிறது. 1917இலேயே இத்தகைய உடைவு பதிவாகியிருக்கிறது. 1988க்குப் பின் 2004 வரை ஒன்றும் நிகழவில்லை. பின்னர் 2006, 2008, 2012 எனத் தொடர்ந்து, 2018 மார்ச்சில் இன்னொன்று நிகழ்ந்தது. உலகம் பார்க்கும் அந்தக் காணொளிகள் பனிக்கட்டியாறு கரையைத் தொடும் வலுவோடு இருந்ததன் அடையாளங்களே தவிர, அதன் நலிவின் அடையாளங்கள் அல்ல.

உண்மையில் கவலைக்குரிய மாற்றம் ஆரவாரமில்லாமல் நடக்கிறது. 2019ஐ அண்டிய காலம் தொடக்கம் பெரிற்றோ மொரேனோவின் முகப்புப் பகுதி முன்னைய வேகத்தைப்போலப் பன்மடங்கு வேகத்தில் மெலிந்துவருகிறது. சில இடங்களில் முகப்பு 800 மீற்றரளவு பின்னே போயிருக்கிறது. ஐயா குறிப்பிட்ட அந்த அடித்தரை மேட்டிலிருந்து அது கழன்றுகொண்டிருப்பதாக 2025இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. இவ்வளவு காலமும் 'நிலையானது' என்று எடுத்துக்காட்டப்பட்ட பனிக்கட்டியாறே இந்த நிலைக்கு வந்திருப்பதால், அந்தப் பெயரைச் சொல்லி ஆறுதல் தேடுபவர்கள் தங்கள் எடுத்துக்காட்டை மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாவற்குழியான் எழுதியது:

கரவெட்டித் தம்பி அணைபோடும் பனிக்கட்டியைப் பற்றி எழுதியதால் இதைச் சேர்க்கிறேன். பதினோராம் பியோ முன்னேறியபோது அதன் வடபுறப் பள்ளத்தாக்கின் வடிகால் அடைபட்டு கிரேவே என்னும் ஏரி பெருகியது. 2020 ஏப்ரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அந்த ஏரியிலிருந்து ஏறத்தாழ 3.7 கன கிலோமீற்றர் நீர் வெளியேறியது. நீர்மட்டம் 18 மீற்றரளவு தாழ்ந்தது. இரணைமடுக் குளத்தின் முழுக் கொள்ளளவைப்போல இருபது மடங்குக்கும் மேற்பட்ட நீர் அது. மனிதர் வாழாத நுழைகழிகளின் நடுவே நிகழ்ந்தமையால் அதைச் செய்மதிப் படங்களில்தான் ஆய்வாளர் கண்டறிந்தார்கள். அணைக்கட்டுகளோடு பழகியவர்களுக்கு இது உறக்கத்தைக் கலைக்கும் செய்தி. இதே அளவு வெள்ளம் குடியிருப்புள்ள பள்ளத்தாக்கொன்றில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

நெடுந்தீவு மகள் எழுதியது:

எல்லாருடைய பதிவுகளையும் ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். தீவகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு நேரடியான வினா உண்டு. இந்தப் பனிவெளி முழுவதும் உருகினால் எங்கள் தீவுகளின் கரைக்கும் கிணறுகளுக்கும் என்ன நேரும்? கடல் உயரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. பண்ணைக்கடல் ஐயா எண்ணோடு விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பண்ணைக்கடல் எழுதியது:

அம்மா, எண்ணோடு கேட்டதற்கு மகிழ்ச்சி. கணக்கை வெளிப்படையாகவே செய்து பார்ப்போம். வட, தென் பற்றகோனியப் பனிவெளிகள் இரண்டினதும் மொத்தக் கனவளவு ஏறத்தாழ 4,750 கன கிலோமீற்றர் என்று 2019இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. சில இடங்களில் பனிக்கட்டியின் தடிப்பு 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. பனிக்கட்டி நீரானால் பத்திலொரு பங்களவு கனவளவு குறையும். எஞ்சும் நீரை உலகக் கடற்பரப்பான 36 கோடியே 20 இலட்சம் சதுர கிலோமீற்றரில் பரப்பினால் 12 மில்லிமீற்றரளவு வரும். அதாவது, கடைசித் துண்டு வரை உருகினாலும் இந்தப் பனிவெளிகள் தனியே கடலை உயர்த்துவது ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்தான். பற்றகோனியா உருகி நெடுந்தீவு மூழ்கும் என்று எவராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

ஆனால் பற்றகோனியா தனியே உருகவில்லை. கிரீன்லாந்து, அந்தாட்டிக்காப் பெரும் பனிவிரிப்புகளை நீக்கிவிட்டு, உலகின் ஏனைய பனிக்கட்டியாறுகள் எல்லாம் 2000 முதல் 2023 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 273 பில்லியன் தொன் பனிக்கட்டியை இழந்தன. அந்தக் காலத்தில் கடலில் அவை சேர்த்தது 18 மில்லிமீற்றர். இவற்றோடு பெரும் பனிவிரிப்புகளின் இழப்பையும், கடல்நீர் சூடேறி விரிவதையும் சேர்க்க வேண்டும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றரளவு உயர்ந்தது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் உயர்வின் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றராகியிருந்தது.

பொதுவாகச் சொல்லப்படாத ஒன்றையும் கவனியுங்கள். பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பால் அயற்கடலைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகியதும் அந்த இழுப்புத் தளர்வதால், அதன் அயலிலே கடல்மட்டம் தாழ்கிறது. தொலைவிலுள்ள கடல்களிலோ உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்கிறது. பற்றகோனியாவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் கிரீன்லாந்துக்கும் தொலைவிலே இருக்கும் எமது கடல், இம்மூன்றின் இழப்பிலும் சராசரிக்குச் சற்று மேலான பங்கைப் பெறும் பக்கத்தில் இருக்கிறது. காரணமாக இருந்தவர்களில் மிகச் சிறிய பங்குடையோர் கூடிய பங்கை ஏற்க வேண்டியிருப்பது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது.

நாவற்குழியான் எழுதியது:

கிணறுகளைப் பற்றி நான் சேர்த்துச் சொல்லலாம். குடாநாட்டிலும் தீவுகளிலும் மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கனமான உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே கோட்பாட்டளவில் நாற்பது மீற்றர் வரை நன்னீர் நிற்கலாம். மேலேயுள்ள அந்தச் சிறு உயரம் குறைந்தால், கீழே உவர் நாற்பது மடங்கு மேலேறும். கடல் சில சென்ரிமீற்றர் உயர்வது தாழ்ந்த கரையோரங்களில் வில்லையை நெருக்கும். ஆனால் இன்றைய நிலையில் இயந்திரங்களால் அளவுக்கு மீறி இறைப்பதே அதைவிட வேகமாக அந்த உயரத்தைக் குறைக்கிறது. தொலைவிலுள்ள பனிக்கட்டி எங்கள் கையில் இல்லை; இறைப்பும், மாரி வெள்ளத்தைக் கடலுக்கு ஓடவிடாமல் மறிக்கும் தடுப்பணைகளின் பராமரிப்பும் எங்கள் கையில் இருக்கின்றன.

உயர்தர மாணவி எழுதியது:

வணக்கம். வினாவைக் கேட்டவள் நான்தான். எல்லாப் பதிவுகளையும் வாசித்தேன். இன்னும் இரண்டு கேட்கலாமா? இவ்வளவு கடினமான இடத்தின் நிலப்படத்தை முதலில் எப்படி வரைந்தார்கள்? வரைபடங்கள் சிலவற்றில் இரு நாடுகளின் எல்லைக்கோடு பனிவெளியின் நடுவே காணாமற் போவது ஏன்?

வடலி எழுதியது:

மகள், முதல் வினாவின் விடை எதிர்பார்ப்பதைவிட அண்மைக் காலத்தது. 1834இல் பீகிள் கப்பலின் தலைவர் பிற்ஸ் றோயும் அதில் பயணித்த இயற்கையியலாளர் டார்வினும் சாந்தா குறூஸ் ஆற்றில் எதிரோட்டமாகப் படகுகளை இழுத்துக்கொண்டு மேற்கே சென்றார்கள். அந்த ஆறு பிறக்கும் ஆர்ஜென்ரீனோ ஏரியைக் காண்பதற்கு முன்னரே உணவு குறைந்து திரும்பிவிட்டார்கள். அந்த ஏரிக்கு நீர் தருவதே இந்தப் பனிவெளி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சலேசிய சபைக் குருவான அல்பேர்த்தோ டி அகொஸ்தினி பல பயணங்களில் பனிவெளியின் பகுதிகளை ஒளிப்படமாக்கினார். பதினோராம் பியோ என்ற பெயர் அவர் வழி வந்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானிய மலையேறுநர் எரிக் ஷிப்ரனும் தோழர் மூவரும் வட அந்தத்தில் ஹோர்கே மொன்றிலிருந்து ஏறி, பனிச்சறுக்கு வண்டியில் உணவை இழுத்துக்கொண்டு, 52 நாள்களில் தெற்கே ஆர்ஜென்ரீனோ ஏரிப்பக்கம் இறங்கினார்கள். பனிவெளியின் முழு நீளத்தையும் கடந்த முதற்பயணமோ அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னரே சிலி நாட்டவரால் நிறைவேறியது.

எல்லை பற்றியது இரண்டாவது. 1881ஆம் ஆண்டின் உடன்படிக்கை மிக உயர்ந்த சிகரங்கள் வழியாகவும் நீர்பிரி எல்லை வழியாகவும் கோடு செல்லும் என்றது. பெரும்பனி மூடிய இடத்தில் அவ்விரண்டும் ஒன்றாக அமைவதில்லை. பனிக்கட்டிக்கு அடியிலுள்ள நீர்பிரி எல்லையைக் காணவும் முடியாது. 1998இல் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டிலும் பிற்ஸ் றோய் மலைக்குத் தெற்கே ஒரு பகுதி, இனிமேல் அளந்து குறிக்கப்படும் என்று விடப்பட்டது. அதனால்தான் கவனமாக வரையப்பட்ட நிலப்படங்களில் அங்கே கோடு இல்லை. கோடு இருப்பவை ஏதேனும் ஒரு நாட்டின் கோரிக்கையைக் காட்டுகின்றன.

பண்ணைக்கடல் எழுதியது:

மாணவிக்கு இன்னும் ஒன்று. இதை அறியும்போது நான் அடைந்த வியப்பை நீரும் அடைவீர் என நம்புகிறேன். பனிவெளியைச் சுற்றியுள்ள பாறைகளில் ஜி.பி.எஸ் கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர் அளந்தபோது, சில இடங்களில் நிலமே ஆண்டுக்கு 41 மில்லிமீற்றர் வரை மேலெழுவது தெரியவந்தது. 2014இல் அது வெளியானது. பனிக்கட்டியின் சுமை குறைவதால் நிலம் நிமிர்கிறது. சுமை நீங்கிய உடனே மீள்வது பாறையின் மீள்தன்மையால் நிகழ்வது. ஆனால் 41 மில்லிமீற்றர் என்ற வேகத்தை அது மட்டும் தராது. அந்த மலைத்தொடரின் கீழே மேலோட்டுக்கு அடியிலுள்ள, மூடி எனப்படும் பாறைப்படை வேறிடங்களைவிடச் சூடாகவும் இளகியதாகவும் இருக்கிறது. அதனால் ஸ்கண்டினேவியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாக இன்றும் தொடரும் எழுச்சி, பற்றகோனியாவில் சில பத்தாண்டுகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே பனி இழப்புக்கு மறுமொழி கொடுத்துவிடுகிறது. ஆகவே இன்று அளக்கப்படும் எழுச்சியில், சிறு பனியுகத்துக்குப் பிந்திய இழப்பும் அண்மைப் பத்தாண்டுகளின் இழப்பும் கலந்திருக்கின்றன. ஈர்ப்பை அளக்கும் செய்மதியின் எண்ணிலிருந்து, கீழே திரும்பிவரும் பாறையின் நிறையை முதலில் கழித்த பின்னரே பனிக்கட்டியின் இழப்பைச் சொல்ல முடியும். கழிக்காமல் விட்டால் இழப்பு உண்மையிலும் குறைவாகத் தோன்றும். பாடத்தில் நிலவோட்டுச் சமநிலை வரும்போது இந்த எடுத்துக்காட்டை ஆசிரியையிடம் கேட்டுப் படமாக வரைந்து பாரும்.